காது வழியே வந்த காதல்

1813, ஜனவரி 27, புதன்கிழமை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் சாட்டன் என்றொரு சின்ன கிராமம். அங்கே ஒரு வீட்டுக்கு லண்டனிலிருந்து பார்சல் வந்தது. உள்ளே மூன்று பாகங்கள் கொண்ட ஒரு புது நாவல். பெயர் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. எழுதியவர் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை எழுதியவரின் இன்னொரு நாவல் என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

அன்று அந்த வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தவர் மிஸ் பென். அதே ஊர்க்காரர். கல்யாணம் ஆகாதவர், கையில் காசு இல்லாதவர். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர்கள் புது நாவலை எடுத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். முதல் பாகத்தில் பாதி அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. கதாநாயகி எலிசபெத்தை மிஸ் பென்னுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. கதையை எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார் என்பது பாவம், அவருக்குத் தெரியாது!

அந்த ஆசிரியர் ஜேன் ஆஸ்டன். இந்தக் கதையைத் தன் அக்கா கஸாண்ட்ராவுக்கு அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த கடிதத்தில் ஒரு புகாரும் இருக்கிறது. இரண்டாம் நாள் வாசிப்பு அவ்வளவு நன்றாக அமையவில்லையாம். காரணம், அம்மா ரொம்ப வேகமாகப் படித்தது. பாத்திரங்களை அம்மாவுக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் அவர்கள் பேசவேண்டிய விதத்தில் பேசிக் காட்டத் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார் ஆஸ்டன்.

ஆடியோ புத்தகம் கேட்பவர்கள் இன்றைக்கும் இதே புகாரைத்தான் சொல்கிறார்கள். கதை நன்றாக இருக்கிறது, வாசித்தவர்தான் கெடுத்துவிட்டார் என்று!

விலை 18 ஷில்லிங்

அந்தக் காலத்தில் நாவல் என்பது கேட்பதற்கும் உரிய ஒன்றாக இருந்தது. மூன்று பாகங்களுக்கும் சேர்த்து விலை 18 ஷில்லிங். மிஸ் பென் போன்றவர்களால் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. வசதி இருந்தவர்களே சந்தா கட்டி நூலகத்தில் இரவல் வாங்கித்தான் பெரும்பாலும் படித்தார்கள். மாலையில் ஒரே விளக்கைச் சுற்றிக் குடும்பம் உட்காரும். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் தைப்பார்கள், பின்னுவார்கள், கேட்பார்கள்.

ஆஸ்டன் நன்றாகப் படிப்பவர் என்பதை அவருடைய அண்ணன் ஹென்றி பதிவு செய்திருக்கிறார். அவருடைய எழுத்தை அவர் வாயாலேயே கேட்டால்தான் அதன் முழு அருமையும் தெரியும் என்பது வீட்டாரின் கருத்து. இந்த நாவலின் உரிமையை வெறும் 110 பவுண்டுக்கு எகர்ட்டன் என்ற பதிப்பாளருக்கு அவர் விற்றுவிட்டார். பிறகு அது எத்தனை பதிப்பு போனாலும் அதிலிருந்து அவருக்கு ஒரு காசும் கிடையாது.

தொடர்கதையும் அதே வீட்டில்தான்

பழைய நாவலின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு புதுக் காதல்கதை எழுதுவது இன்று ஒரு பெரிய தொழில். டார்சியின் டைரி, எலிசபெத்தின் கல்யாண வாழ்க்கை, இருவரும் வேறு மாதிரி சந்தித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வரிசை வரிசையாகப் புத்தகங்கள். இதைப் பார்த்துவிட்டு, "செத்துப்போன எழுத்தாளரின் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு.

ஆனால் இந்த வேலையை முதலில் ஆரம்பித்ததே ஆஸ்டன்தான்! புத்தகம் முடிந்த பிறகு அந்தப் பாத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்று குடும்பத்துப் பிள்ளைகள் கேட்டால் அவர் பதில் சொல்வாராம். கிட்டி பென்னட் பெம்பர்லி பக்கத்தில் ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள். புத்தகப்புழு மேரிக்கு மாமாவின் அலுவலகத்து குமாஸ்தாதான் கிடைத்தான். இந்த விவரங்கள் நாவலில் இல்லை. ஆஸ்டனின் அண்ணன் மகன் 1870 என்ற ஆண்டிட்டு வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பில்தான் இவை அச்சாயின. ஆக முதல் தொடர்ச்சி வாயால் சொல்லி, காதால் கேட்டதுதான்.

குடும்பத்துக்குள்ளேயே இது தொடர்ந்தது. ஆஸ்டன் பாதியில் விட்ட 'தி வாட்சன்ஸ்' கதையை வைத்து, அவருடைய இன்னொரு சகோதரரின் மகள் கேத்தரின் ஹப்பேக் 1850-ல் 'தி யங்கர் சிஸ்டர்' என்ற நாவலை எழுதினார். முதலாம் உலகப்போருக்குச் சற்று முன்பு சிபில் பிரின்டன் என்ற பெண், ஆஸ்டனின் ஆறு நாவல்களின் பாத்திரங்களையும் ஒரே கதையில் கலந்து அவர்களுக்குள் கல்யாணம் செய்து வைத்தார். 'ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் நியூ ஃபேன்சிஸ்' என்ற அந்தப் புத்தகம்தான் அச்சில் வந்த முதல் ஆஸ்டன் தொடர்ச்சி நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இரண்டு நிமிடத்தில் ஒரு நாவலா?

1877-ல் தாமஸ் எடிசன் ஃபோனோகிராஃப் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஒரு பத்திரிகையில் அதன் எதிர்காலப் பயன்களைப் பட்டியல் போட்டார். பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் புத்தகம் என்பது அந்தப் பட்டியலில் இருந்தது.

ஐடியா சரிதான். ஆனால் மெழுகு உருளையில் இரண்டு நிமிடம்தான் பதியும். 1908-க்குப் பிறகு நான்கு நிமிடம். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' சுமார் 1,20,000 வார்த்தைகள். நிதானமாகப் படித்தால் 11, 12 மணி நேரம் ஆகும். நான்கு நிமிட உருளைகளில் பதிந்தால்கூட சுமார் 170 உருளைகள் வேண்டும். வீட்டில் அலமாரியே போதாது.

இந்தத் தடையை உடைக்க வைத்தது வியாபாரம் அல்ல, போர். முதலாம் உலகப்போரில் பல வீரர்கள் பார்வை இழந்தார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் சிறு வயதில் பிரெய்ல் கற்றுவிடலாம். இருபது, முப்பது வயதில் கண்ணை இழந்தவர்களுக்கு விரல் அவ்வளவு எளிதில் பழகாது. அப்படி 1916-ல் சோம் போரில் பார்வை இழந்த இளைஞர்களில் ஒருவர் இயன் ஃப்ரேசர். பின்னாளில் பார்வை இழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் தலைவரானார். இசைத்தட்டில் முழுப் புத்தகத்தையும் கொண்டுவரும் முயற்சியை விடாமல் துரத்தியவர் அவர்.

அமெரிக்காவில் 1931-ல் பிராட்-ஸ்மூட் சட்டம் வந்தது. பார்வையற்ற பெரியவர்களுக்குப் புத்தகம் வழங்க ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கினார்கள். 1934-ல் பேசும் புத்தகங்கள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. தட்டின் ஒரு பக்கத்துக்கு சுமார் 15 நிமிடம். பிரிட்டனில் 1935-ல் தொடங்கியபோது தட்டை இன்னும் மெதுவாகச் சுற்றவிட்டு ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் பதிந்தார்கள். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு போதும் என்றானது. அங்கே முதலில் வந்த தலைப்புகளில் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலும் ஜோசஃப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் இருந்தன.

இதில் ஹெலன் கெல்லரின் கதை முக்கியமானது. கண்ணும் காதும் இல்லாத அவர் முதலில் இந்தத் திட்டத்துக்கு ஆதரவு தரவில்லை. நாட்டில் கோடிப்பேர் வேலையில்லாமல் இருக்கும்போது பேசும் புத்தகம் ஓர் ஆடம்பரம் என்பது அவர் வாதம். பிறகு மனம் மாறினார். 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசிடம் இதற்காகப் பேசினார். வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ், புத்தகம் கேட்கும் கருவிகள் 20,000-க்கும் மேல் தயாராயின. தன்னால் ஒருபோதும் கேட்க முடியாத ஒன்றை மற்றவர்களுக்காக அவர் கேட்டு வாங்கினார்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சார்லட் பிரான்டேயின் 'ஜேன் ஐர்' (1847) நாவலின் முடிவில் ராச்செஸ்டருக்குப் பார்வை போய்விடுகிறது. ஜேன் அவருக்குச் சலிக்காமல் புத்தகம் படித்துக் காட்டுகிறாள். எடிசனுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, பார்வை இல்லாத ஒருவருக்குப் படித்துக் காட்டுவதைக் காதலின் அடையாளமாக ஒரு நாவல் காட்டிவிட்டது.

காருக்குள் வந்த கதை

1952-ல் நியூயார்க்கில் பார்பரா கோஹன், மரியான் ரோனி என்ற 22 வயதுத் தோழிகள் இருவர் கேட்மன் ரெகார்ட்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். கவிஞர் டிலன் தாமஸைப் பிடித்து அவர் குரலிலேயே பதிவு செய்தார்கள். பார்வை உள்ளவர்களும் காசு கொடுத்து இலக்கியம் கேட்பார்கள் என்பது அப்போதுதான் உறுதியானது.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனியின் கேசட் வந்தது. 1975-ல் டுவல் ஹெக்ட் என்பவர் 'புக்ஸ் ஆன் டேப்' கம்பெனியைத் தொடங்கினார். இவர் 1956 ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். தினமும் லாஸ் ஏஞ்சலஸுக்கு நீண்ட தூரம் கார் ஓட்டி அலுத்துப்போனதுதான் இந்த யோசனைக்குக் காரணம். முழு நாவலைப் படித்துப் பதிந்து தபாலில் வாடகைக்கு அனுப்பினார். 1979-ல் சோனி வாக்மேன் வந்ததும் கதை காரிலிருந்து இறங்கி நடக்கவும் ஆரம்பித்தது.

ஆனால் கடைகளில் விற்ற கேசட்டுகளில் பல, சுருக்கப்பட்ட பதிப்புகள். 12 மணி நேர நாவலை இரண்டு கேசட்டில், மூன்று மணி நேரத்தில் அடக்கினால் என்ன மிஞ்சும்? கல்யாணம் மிஞ்சும், கிண்டல் போய்விடும். ஆஸ்டனிடம் கிண்டல் போனால் பாதி ஆஸ்டன் போன மாதிரி. 1995-ல் டொனால்ட் கட்ஸ் ஆடிபிள் நிறுவனத்தைத் தொடங்கினார். இணையம் வழியே இறக்கிக்கொள்ளும் கோப்பாகப் புத்தகம் மாறிய பிறகு நீளம் ஒரு பிரச்சினையாக இல்லை. 2008-ல் அமேசான் அந்த நிறுவனத்தைச் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது.

ஈரச் சட்டையும் டார்சியின் டைரியும்

அதே 1995-ல்தான் பி.பி.சி.யின் ஆறு பகுதித் தொடராக 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஒளிபரப்பானது. டார்சியாக காலின் ஃபிர்த். குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு எலிசபெத் முன்னால் வந்து நிற்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. நாவலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது! திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது அது.

அந்தக் காட்சிக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு? நாவலை ஆஸ்டன் பெரும்பாலும் எலிசபெத்தின் கண் வழியாகவே சொல்கிறார். டார்சி எப்போது மனம் மாறினான், தனியாக இருக்கும்போது என்ன நினைத்தான் என்பது வாசகருக்குத் தெரியாது. கென்ட்டில் அவன் திடீரென்று வந்து காதலைச் சொல்லும்போது எலிசபெத்தைப் போலவே வாசகரும் திகைக்கிறார். அந்த மௌனம்தான் நாவலின் பலம். மறுகதை எழுதுகிறவர்களுக்கு அதுவே காலி மனை.

தொடருக்குப் பிறகு இணையத்தில் ரசிகைகள் அந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். 1996-ல் ஹெலன் ஃபீல்டிங்கின் 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி' வந்தது. அதன் நாயகன் பெயர் மார்க் டார்சி. 2001-ல் அது படமானபோது அந்த வேடத்திலும் காலின் ஃபிர்த்தே நடித்தார். 2003 முதல் 2005 வரை பமேலா ஐடன் மூன்று பாகங்களில் முழுக் கதையையும் டார்சியின் பக்கத்திலிருந்து சொன்னார். 2005-ல் அமாண்டா கிரேஞ்ச் அதை டைரி வடிவில் எழுதினார்.

இத்தகைய கதைகள் காதுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. டைரி என்பது ஒரு மனிதன் தனக்குள் பேசிக்கொள்வது. அதை ஒரு நடிகர் குரலில் கேட்கும்போது, இருநூறு ஆண்டு வாய்மூடி இருந்த டார்சி கடைசியில் பேசுவது போல இருக்கிறது. கதை ஏற்கெனவே தெரியும் என்பதும் வசதி. பாத்திரம் கழுவும்போது இரண்டு நிமிடம் கவனம் சிதறினாலும் கதை கைவிட்டுப் போகாது. முடிவு என்ன என்ற பதற்றம் இல்லாததால் எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் மனம் நிற்கிறது. தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது மனிதர்களுக்குப் புதிய பழக்கமும் இல்லையே!

2011-ல் ஆடிபிள் நிறுவனம் ஏ.சி.எக்ஸ். என்ற சந்தையைத் திறந்தது. பெரிய பதிப்பகம் இல்லாத எழுத்தாளரும் ஒரு குரல் கலைஞரும் கைகோர்த்து, வரும் வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஆடியோ புத்தகம் தயாரிக்க முடிந்தது. சொந்தமாகப் புத்தகம் வெளியிடும் ஆஸ்டன் ரசிகைகளுக்கும் இது வழி திறந்தது.

யாருடைய கதை?

எல்லா மறுகதையும் இனிப்பு மிட்டாய் அல்ல. 'ஜேன் ஐர்' நாவலில் மாடியில் அடைத்து வைக்கப்பட்ட முதல் மனைவி பெர்த்தாவுக்குச் சிரிப்பும் கூச்சலும் உண்டு, சொந்தக் கதை கிடையாது. டொமினிகா தீவில் பிறந்த ஜீன் ரிஸ் 1966-ல் 'வைட் சர்காசோ ஸீ' நாவலில் அவளுக்குக் கதை கொடுத்தார். அதைப் படித்தவர்களால் ராச்செஸ்டரைப் பழையபடி நேசிக்க முடிவதில்லை.

ஆஸ்டனின் நாவலில் எலிசபெத் சேற்றில் மூன்று மைல் நடந்து அக்காவைப் பார்க்கப் போகிறாள். அந்தத் துணிச்சலை எல்லோரும் ரசிக்கிறார்கள். அந்தச் சேற்றுப் பாவாடையைத் துவைத்தது யார்? ஜோ பேக்கர் 2013-ல் எழுதிய 'லாங்போர்ன்' நாவல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அது வேலைக்காரப் பெண்ணின் காதல்கதை.

இந்தச் சுதந்திரம் எல்லா நாவல்களுக்கும் இல்லை. ஆஸ்டன் காப்புரிமை தாண்டியவர். மார்கரெட் மிட்செலின் 'கான் வித் தி விண்ட்' (1936) அப்படியல்ல. ஸ்கார்லெட்டின் தந்தைக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த மகள் சொல்வதாக ஆலிஸ் ராண்டல் 2001-ல் 'தி விண்ட் டன் கான்' எழுதினார். மிட்செலின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2002-ல் சமரசம் ஆனது. அடிமைகளின் பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு கறுப்பின எழுத்தாளர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

தெற்காசியாவில் ஆஸ்டனுக்கு அந்நியத்தன்மையே இல்லை. வரதட்சணைக் கவலை, பெண்களைக் கரையேற்றத் துடிக்கும் அம்மா, ஆண் வாரிசு இல்லாததால் கைமாறும் சொத்து... எல்லாம் தெரிந்த விஷயம்தான். ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் தமிழ் வடிவம். அதில் நடித்த ஐஸ்வர்யா ராயே 2004-ல் குரிந்தர் சத்தாவின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தழுவலிலும் நாயகி. சோனியா கமால் 2019-ல் எழுதிய 'அன்மேரியபிள்' நாவலில் பென்னட் குடும்பம் பாகிஸ்தானுக்கு வந்துவிடுகிறது.

கேட்பது படிப்பதாகுமா?

இந்தக் கேள்வி 1930-களில் பேசும் புத்தகம் வந்த நாளிலிருந்து இருக்கிறது. கேட்பது சோம்பேறித்தனம் என்று சிலர் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். காதல்கதை என்றால் ஏளனம் இன்னும் ஒரு படி கூடும். ஆனால் பிரெய்ல் கைவராத ஒரு வீரருக்கு அந்தப் பத்துத் தட்டுகள்தான் முழு நாவல். அவர் படிக்கவில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

2005-ல் ஹியூ மெக்வயர் 'லிப்ரிவாக்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார். காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் படித்து இலவசமாகத் தருகிறார்கள். ஆஸ்டனின் நாவல்களும் அங்கே உண்டு. ஒருவர் மெதுவாகப் படிப்பார், இன்னொருவர் சாட்டன் வீட்டு அம்மா மாதிரி ஓடுவார். ஆனாலும் மனிதக் குரல்.

2023 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் கணினிக் குரலில் வாசிக்கப்பட்ட புத்தகங்களை வெளியிட்டது. அந்தக் குரல்கள் முதலில் படிக்க வந்த வகைகளில் காதல்கதையும் ஒன்று. குரல் கலைஞரை அமர்த்தப் பணமில்லாத சிறு எழுத்தாளருக்கு இது உதவலாம். ஆனால் அந்தச் சிறு புத்தகங்களைப் படித்துப் பிழைத்த கலைஞர்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. கணினி வேகமாக ஓடாது, உளறாது. பாத்திரங்கள் பேசவேண்டிய விதத்தில் பேசுமா என்பதுதான் ஆஸ்டன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

சாட்டன் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 18 ஷில்லிங் கொடுக்க முடியாத மிஸ் பென் அங்கே உட்கார்ந்துதான் எலிசபெத்தைக் கேட்டார். உலகத்தில் அந்த நாவலை அனுபவித்த முதல் சிலரில் அவரும் ஒருவர். ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியிருக்கத் தேவையில்லை.